ஆக்குபேஷன்

போன வாரம் பாங்கில் கணக்குத் தொடங்கப் போனேன். ஃபாரத்தில் பாதி வரை கடகடவென்று எழுதிய பேனா, ஒரு வார்த்தைக்கு எதிரே நின்றுவிட்டது. ஆக்குபேஷன்.

"என்ன சார், வேலை மறந்துபோச்சா?" என்றார் குமாஸ்தா.

மறக்கவில்லை... மாணிக்கம் ஞாபகத்துக்கு வந்தார்.

ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்கு நான் சைக்கிளில் ஸ்கூலுக்குப் பாடம் நடத்தப் போய்வந்த காலம். உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில், குடிசை வாசலிலேயே பங்க்சர் கடை வைத்திருந்தார் மாணிக்கம். குடிசை இருந்தது புறம்போக்கில். பட்டா கேட்டு மனுப் போட வேண்டும், ஃபாரம் இங்கிலீஷில். இங்கிலீஷ் வாத்தியார் நான் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு?

'ஆக்குபேஷன் — எத்தனை வருஷம்?' என்று கேட்டிருந்தது.

"ஆக்குபேஷன்னா தொழில். இந்தத் தொழில் எத்தனை வருஷமா பண்றீங்க?"

"ரெண்டு வருஷமாத்தாங்க. அதுக்கு முன்னாடி சத்திரம் பஸ் ஸ்டாண்டுல மூட்டை தூக்கினேன்."

இரண்டு என்று எழுதினேன். மாணிக்கம் கைநாட்டு வைத்தார்.

குடியிருப்பதற்கும் அதே வார்த்தைதான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பாடமே நடத்தியிருக்கிறேன். அன்று அவசரம், கூடவே கொஞ்சம் மிதப்பு. அந்தக் கரையில் அவர் குடியிருந்தது பதினெட்டு வருஷம்!

இரண்டு மாதத்தில் நோட்டீஸை எடுத்துக்கொண்டு வந்தார். படித்துக் காட்டினேன். அதிலும் அதே வார்த்தை. இந்த முறை அதற்கு ஆக்கிரமிப்பு என்று அர்த்தம்.

"ஆக்குபேஷன்னா தொழில்னு சொன்னீங்களே சார். கடையத்தான் மூடச் சொல்றாங்களா?"

"குடிசையையே காலி பண்ணணுமாம்" என்றேன். மறுநாள் தாலுகா ஆபீசுக்கு ஓடினேன். "கைநாட்டு வச்சு அவரே ரெண்டுன்னு சொல்லியிருக்காரே, ரெண்டு வருஷத்துக்கெல்லாம் பட்டா கிடையாது" என்று ஃபைலை மூடிவிட்டார் அதிகாரி.

அதன் பிறகு செய்ததுதான் இன்றும் உறுத்துகிறது. மாணிக்கத்திடம், "ரூல் அப்படிங்க" என்றேன். தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை.

மாணிக்கம் குடிசையைக் காலி செய்து, தன் மனைவியின் ஊரான வையம்பட்டிக்குப் புறப்பட்ட அன்று, என் சைக்கிளின் இரண்டு டயருக்கும் காற்றடித்துக் கொடுத்தார்.

"எங்களுக்காக எவ்வளவோ அலைஞ்சீங்க சார். போயிட்டு வரேங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

குமாஸ்தா இன்னும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். 'இங்கிலீஷ் வாத்தியார்' என்று எழுதினேன்... கை கூசியது.