சுடாமல் விட்ட நரி

கடல் கடந்து வந்து நாங்கள் குடியேறிய ட்ருகனினா புறநகரில், எங்கள் தெருவில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கும் தமிழர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவனோடு இப்போது எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

நரி வேட்டைக்கு என்னை இழுத்துவிட்டதே அவன்தான். நாலு வீடு தள்ளி இருக்கிறான். என்னைப் போலவே மதுரைப் பக்கம், என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவன். சனி ஞாயிறு வந்தால் பிள்ளைகளை நீச்சலுக்கும் டியூஷனுக்கும் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவதே பிழைப்பாகக் கிடந்தவன் நான். "இந்த நாட்டுல நரி ஒரு பீடை மாப்ள. ஆட்டுக்குட்டியக் கொதறிப் போட்டுரும். பண்ணைக்காரங்க நம்மளக் கையெடுத்துக் கும்பிடுவாங்க" என்று ஆசை காட்டினான். பாதுகாப்பு வகுப்பு, லைசென்ஸ், துப்பாக்கியைப் பூட்டிவைக்க இரும்புப் பெட்டி வாங்குவது என்று எல்லாவற்றுக்கும் கூடவே வந்தான். பெட்டியை எங்கே வைப்பது என்று மனைவியிடம் கேட்டதற்கு, "சாமி ரூமுக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்துல வைங்க" என்றாள். கராஜின் கடைசி மூலைக்குப் போனது.

விசில் ஊதவும் அவன்தான் கற்றுக்கொடுத்தான். மடக்கிய தகரத்தில் ஓட்டை போட்ட சின்னப் பொருள். உதட்டுக்கு நடுவில் வைத்து ஊதினால் அடிபட்ட முயல் கத்துவது போலிருக்கும். பசித்த நரி ஓடிவரும். ஊதத் தெரிவதற்கு முன்பே ஒரு சட்டத்தை மனப்பாடம் செய்யவைத்தான். "நரி நிக்குதான்னு மட்டும் பாக்காத. அதுக்குப் பின்னால என்ன நிக்குதுன்னு பாரு. தெரியலைன்னா வெரல் ட்ரிகர் பக்கமே போகக் கூடாது."

துப்பாக்கி இருந்து என்ன பயன், சுட நிலம் வேண்டுமே. முன்பின் தெரியாதவனைத் துப்பாக்கியோடு தன் நிலத்துக்குள் எவர் விடுவார்? மாதக்கணக்கில் கேட் கேட்டாகப் போய் நின்றேன். மரியாதையாக மறுத்தவர்கள் பலர். ஒருவர் மறுக்கக்கூட இல்லை, நாயை அவிழ்த்துவிட்டார். நண்பன் இதற்கெல்லாம் வரமாட்டான். "நீ பேசுனாத்தான் எடுபடும் மாப்ள" என்பான்.

பல்லாரட் ஊருக்குப் போகும் வழியில் ஒருநாள், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு செம்மறி மல்லாந்து கிடப்பதைப் பார்த்தேன். நாலு காலும் ஆகாயத்தைப் பார்த்திருந்தன. செத்துவிட்டதென்றே நினைத்தேன், ஒரு கால் உதைத்துக்கொண்டது. அந்த வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னேன். ஐம்பது தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா ரப்பர் பூட்ஸோடு ஓடிவந்தார். சினை ஆடு அப்படி விழுந்தால் தானாக எழ முடியாதாம். இருவருமாகப் புரட்டி நிறுத்தினோம். அதற்குக் கால் தரிக்கும்வரை என் முழங்காலோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு டீ கொடுத்து, இந்தப் பக்கம் எதற்கு வந்தாய் என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். வரும் முன் போன் செய்ய வேண்டும், கேட்டை இருந்தபடியே விட்டுப்போக வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிட்டு, "என் குட்டிகளை உன்னை நம்பி விடுகிறேன்" என்றார்.

இந்த நாட்டுக்கு வந்து பத்து வருஷமாகிறது. வேலையிடத்தில் எல்லோரும் தங்கமானவர்கள்தான். ஆனால் இந்த ஊர்க்காரர் ஒருவர் தனக்கு வேண்டிய ஒன்றை என்னை நம்பி ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பண்ணை எனக்கு வேண்டியிருந்தது அதற்காகத்தான். நரி அப்புறம்.

அடுத்து நான் செய்தது நம்மவர்கள் மட்டுமே செய்கிற காரியம். இங்குள்ள வேட்டைக்காரர்கள் தங்களுக்குக் கிடைத்த பண்ணை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட யாரிடமும் மூச்சுவிட மாட்டார்களாம். நமக்கு அது வருமா? நல்ல பிரியாணிக் கடை ஒன்று கண்டுபிடித்தாலே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகிற ஆட்கள் நாம். அந்தம்மாவிடம் அனுமதி வாங்கி, அவனை அழைத்துப்போனேன். என் அண்ணன் மாதிரி என்று சொல்லித்தான் அறிமுகம் செய்தேன். அவருடைய போன் நம்பரை அவனை வாங்கிக்கொள்ளச் சொன்னதும் நானே.

அன்று பிற்பகல் சைப்ரஸ் மர வரிசைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தோம். அவன் ஊதினான். கொஞ்ச நேரத்தில் வேலியோரமாக ஒரு நரி நேரே என் பக்கம் வந்து நின்றது. குறி பிடித்துவிட்டேன். துப்பாக்கியின் குறிக்கண்ணாடி வழியே பார்த்தால் அதற்குப் பின்னால், சரிவில், குட்டிகளோடு செம்மறிகள். விரலை எடுத்துவிட்டேன். நரி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று.

"சபாஷ் மாப்ள. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்" என்று முதுகில் தட்டினான். சத்தியமாகச் சொல்கிறேன், சுட்டிருந்தால்கூட அவ்வளவு பெருமை வந்திருக்காது.

அதற்குப் பிறகு அந்தம்மா என் போனை எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினால் இப்போது வேண்டாம் என்று இரண்டு வார்த்தை வரும். நண்பனிடம் புலம்பினேன். "குட்டி போடுற சீசன் மாப்ள, அவுகளுக்கு ஆயிரம் வேலை. நச்சரிக்காத" என்றான். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

தெருவில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் விழா. தட்டில் கேக்கோடு வந்த ஒருவர், "உங்க ஃப்ரெண்டு கலக்குறாரே" என்று தன் போனைக் காட்டினார். வரிசையாகப் போட்ட நரிகளுக்குப் பக்கத்தில் அவன் ஒற்றை முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் அதே சைப்ரஸ் வரிசை. அடுத்த படத்திலும் அதேதான், வேறு சட்டை.

பின்கட்டில் கறி வாட்டிக்கொண்டிருந்தவனிடம் போய்க் கேட்டேன். அவன் இடுக்கியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஒனக்குச் சுட மனசு வராதுன்னு அந்தம்மாகிட்டச் சொன்னேன். நரி முன்னால நின்னும் நீ சுடலைல்ல? ஒங்க வீட்டுல வெள்ளிக்கெழமை கறி சமைக்க மாட்டாங்கன்னு சொன்னேன். அதுவும் பொய்யா?"

"ஆடு பின்னால நின்னுச்சுன்னு சொன்னியா?"

"அதையெல்லாம் எவன் கேக்குறான் மாப்ள."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததால் அடிக்காமல் வந்தேன். என் வீட்டில் அத்தனை வெள்ளிக்கிழமை சாம்பார் சாப்பிட்டவன் அவன். எங்கள் அடுப்படியை என்னைக் காட்டிக்கொடுக்கப் பயன்படுத்துவான் என்று யார் நினைத்தது? ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. அந்தம்மாவிடம் அவன் சொன்னது பொய். உண்மையைச் சொன்னால் போதும்.

ஞாயிறன்று போன் செய்யாமலே பண்ணைக்குப் போனேன். அவர் ட்ரெய்லரிலிருந்து வைக்கோல் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். கார் ஓட்டும்போதே இங்கிலீஷில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அன்று நரியை விட்டது பயத்தால் இல்லை, இரக்கத்தாலும் இல்லை, நரிக்குப் பின்னால் உங்கள் ஆடுகள் நின்றன, அதனால்தான்.

அவர் கையுறையைக் கழற்றினார். "தெரியும்" என்றார். "நான் முற்றத்தில்தான் நின்றேன். எல்லாவற்றையும் பார்த்தேன். நல்லவேளை சுடவில்லை."

அப்புறம் ஏன் என்று கேட்டேன்.

"அன்று சாயங்காலமே உங்கள் நண்பர் போன் செய்தார். வேலை முடிந்து தினமும் வருகிறேன் என்றார். உங்களால் வார இறுதியில்தானே வர முடியும்? எனக்குக் குட்டிகள் செத்துக்கொண்டிருந்தன. உங்களைப் பற்றி அவர் சொன்னது பொய்யென்று தெரியும். நம்பியது போல் இருந்துவிடுவது எனக்கு வசதியாக இருந்தது. உங்கள் முகத்தைப் பார்த்து வேண்டாமென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை."

கோபப்பட்டிருக்கலாம். அழுதுகூட இருக்கலாம். நானோ, பரவாயில்லை என்று சொல்லி வைக்கோல் கட்டு ஒன்றைத் தூக்கிக் கொட்டகையில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. அவருக்கு மனசு இளகியிருக்க வேண்டும், கார்வரைக்கும் கூட வந்தார்.

"நீங்கள் வரக்கூடாது என்றில்லை. எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்றார். நான் இன்ஜினைப் போட்டதும் ஜன்னல் பக்கம் குனிந்து, "ஒன்று மட்டும், வரும் முன் உங்கள் நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்" என்றார்.