சேறு கழுவிய கார்

எங்கள் ஒழுங்கையில் நான்காவது வீடு யோகலிங்கண்ணையுடையது. வாடகைக் கார் ஓட்டினவர். கறுப்பு ஒஸ்ரின் ஏ-40, அவருடைய மாமனார் காலத்துக் கார். திருகோணமலையில் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிப்போக அந்தக் காரைத்தான் முதலில் கேட்பார்கள். அதைவிடப் பெரிய கார்கள் ரவுணில் இருந்தன. ஆனால் அப்படி மினுங்கின கார் வேறொன்று இல்லை.

மாரி காலத்தில்தான் அவருக்குக் கூடுதல் வேலை. வாடைக்காற்று துறைமுகப் பக்கமிருந்து உப்பை அள்ளிக்கொண்டு வரும். தை பிறந்தால் விடியப்புறத்துப் பனியும் சேரும். கறுப்புப் பெயின்ரில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு மங்கல் படியும். வெயில் ஏறி, பனித்துளி காய்ந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாய் வெள்ளைப் புள்ளி விழும். அண்ணை முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைப் போக்குவார். போகாத புள்ளிக்குத் துளி வினாகிரி. பிறகு ஈரம் கொஞ்சமும் இல்லாமல் துடைத்து, ரின்னிலிருந்து விரல் நுனியளவு மெழுகு எடுத்து, பழைய பெனியன் துண்டால் மெல்லிசாய்ப் பூசுவார். குளிர் நாளில் மெழுகு லேசில் காயாது. காயமுதல் துடைத்தால் இழுபட்ட தடம் நிற்கும். அதனால் ஒரு கதவைப் பூசிவிட்டு, கதிரையைப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். அந்த நேரத்தில் யார் ஹயருக்குக் கூப்பிட்டாலும் எழும்பமாட்டார்.

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தைந்து மார்கழியில் நான்தான் அவரிடம் போய்க் கேட்டேன். என் தங்கச்சி இராசமலர் மூதூருக்கு அப்பால் கட்டைபறிச்சானில் சின்னம்மா வீட்டில் இருந்தாள். இருபத்தியொரு வயது. அந்தப் பக்கம் ஆமியின் சுற்றிவளைப்பு நடக்கப்போகிறது என்று கதை. மூதூருக்குக் கடலால் போகும் லோஞ்ச் இரண்டு நாளாய் ஓடவில்லை. கேட்ட ட்ரைவர்மார் எல்லாரும் ஏலாது என்றுவிட்டார்கள்.

"பொம்பிளைப் பிள்ளையெல்லே தம்பி," என்றார் யோகலிங்கண்ணை. "நான் போறன். நீங்கள் வரவேண்டாம். ஆம்பிளை ஒராள் கூட இருந்தா இன்னும் நூறு கேள்வி கேப்பினம்."

கிண்ணியாத் துறையில் காரை மிதவையில் ஏற்றிப் போனார். அதற்கப்பால் இன்னும் துறைகள். மழை விடாமல் பெய்தது. பின்நேரம் ஊரடங்குக்குக் கொஞ்சம் முந்தி எங்கள் படலையடியில் வந்து நின்ற காரில் கறுப்பு எங்கே என்று தேடவேண்டியிருந்தது. கதவுப்பிடி வரை வயற்சேறு. இராசமலர் ஒரு பையோடு இறங்கி உள்ளே ஓடினாள்.

அடுத்த நாள் காலை மழை விட்டிருந்தது. எழும்பிப் பார்த்தபோது அண்ணை சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். மறுநாள் அவருக்கு ஒரு கலியாண ஹயர். கழுவி, துடைத்து, மெழுகு பூசி, பிளனல் துணியால் தேய்த்து முடிக்கப் பத்து மணியாயிற்று. குணேஸ்வரியக்கா, அவருடைய மனைவி, சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. பிறகு பெற்றோல் அடிக்கப் புறப்பட்டார்.

துறைமுக வீதியில் ஆமிக்காரரின் காவல் சென்றியில் மறித்தார்கள். அங்கே நடந்ததைப் பின்னாளில் அவரே சொன்னார். முதல் நாள் அந்தக் கார் சேறோடு வந்ததை மழைக்குள் தூர நின்று கண்ட ஒருவன் அன்றும் காவலில் நின்றிருக்கிறான்.

"நேத்து முழுக்க மண். இன்டைக்கு மண் இல்லை. ஏன் கழுவினது?" என்று கேட்டான்.

"நாளைக்குக் கலியாண ஹயர் ஐயா. அதுக்காகக் கழுவினனான்."

"நேத்து எங்க போனது? யாரைக் கூட்டி வந்தது?"

யோகலிங்கண்ணை மூதூர்ப் பக்கம் போனதை ஒத்துக்கொண்டார். வரும்போது வெறுங்கார் என்றார். அந்த மழையில் ஒருவன் வெறுங்காரோடு துறை துறையாய்த் தாண்டிப் போய்வந்து, விடிந்ததும் சேற்றின் தடமே தெரியாமல் கழுவியிருக்கிறான் என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? காரோடு முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

மத்தியானமே நான் வேலை செய்த கந்தோருக்குச் செய்தி வந்துவிட்டது. பின்நேரம் குணேஸ்வரியக்கா எங்கள் வீட்டுக்கு வந்தா. அழவில்லை. சீலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி நின்றா.

"தம்பி, நீங்கள் அரசாங்க உத்தியோகம். முகாமுக்கு வந்து ஒரு சொல் சொன்னாக் காணும். உங்கட தங்கச்சியைக் கூட்டிவரத்தான் போனவர் எண்டு சொன்னாக் காணும்."

இராசமலர் அறைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளையும் கொண்டுவா என்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

"நாளைக்குப் போவம் அக்கா," என்றேன்.

மறுநாள் நான் இராசமலரைக் கொழும்புக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். அவளை ஓரிடத்தில் பத்திரமாய் விட்டுவிட்டு வந்து முகாமுக்குப் போவோம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். திரும்பி வர மூன்று நாள். வந்த பிறகு காய்ச்சல் என்று படுத்தேன். காய்ச்சல் ஒன்றும் பெரிதாய் இருக்கவில்லை. அதன்பிறகும் ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. கந்தோருக்குப் போகும்போது அவர்கள் வீட்டைத் தாண்டாமல் பின்தெருவால் சுற்றிப் போனேன். பதினோராம் நாள்தான் சமாதான நீதவானின் கடிதத்தோடு குணேஸ்வரியக்காவையும் கூட்டிக்கொண்டு முகாம் வாசலுக்குப் போனேன்.

"அந்த ஆள் இஞ்ச இல்லை," என்றார்கள். "முந்தநாள் தெற்குக்கு அனுப்பினது."

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முகாம் வளவுக்குள் வேப்பமரத்தடியில் கார் நின்றது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

பதின்மூன்று மாதம். எத்தனையோ கடிதம் எழுதினேன், எத்தனையோ பேரைப் பிடித்தேன். அதெல்லாம் பதினோராம் நாளுக்குப் பிறகு செய்தவை. எண்பத்தேழு தையில் ஒருநாள் காலை அண்ணை பஸ்ஸால் இறங்கி நடந்து வந்தார். மெலிந்திருந்தார். வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை காரை எடுத்துப்போகச் சொல்லி முகாமிலிருந்து செய்தி வந்தது. நாலு சில்லிலும் காற்றில்லை. காற்றடித்து, கயிறு கட்டி இழுத்து வந்தோம். இரண்டு மாரி அந்த மரத்தடியில் நனைந்திருந்தது. பொனற்றில் வேப்பிலைகள் ஒட்டி அழுகி, இலையின் வடிவிலேயே கறை பதிந்திருந்தது. கூரை முழுக்கக் காக்கை எச்சம் பெயின்ரை அரித்த குழிகள். மற்ற இடமெல்லாம் பனியும் உப்பும் வெளுத்து, கார் கறுப்பா சாம்பலா என்று சொல்ல ஏலாமல் இருந்தது.

அண்ணை மெழுகு ரின்னையும் துணிகளையும் எடுத்துவரச் சொன்னார். துணியைப் பிடித்துப் பார்த்தார். அது கையிலிருந்து நழுவி விழுந்தது. திரும்பவும் எடுத்தார். மூன்றாம் தரம் விழுந்தபோது குணேஸ்வரியக்கா அதைக் குனிந்து எடுத்து, தானே கதவைத் துடைக்கத் தொடங்கினா. நானும் மறுபக்கம் ஒரு துணியோடு போய் நின்றேன். அவர் கதிரையில் இருந்தபடி சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம்.

"காயட்டும். இப்ப துடைக்காதையுங்கோ. குளிருக்கு நேரம் எடுக்கும்."

கதவு காயும்வரை பொனற்றின் இலைக் கறையைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தபோதுதான் எனக்கு வாய் திறந்தது.

"அண்ணை, நான் அண்டைக்கே வந்து சொல்லியிருந்தா உங்களை விட்டிருப்பாங்கள். நான் பயந்துபோனன். பதினொரு நாள் ஒளிச்சுத் திரிஞ்சனான்."

அக்காவின் கை நின்றது. அண்ணை காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி எங்க இப்ப?" என்று கேட்டார்.

"கொழும்பில. ஒரு இடத்தில ரைப்பிஸ்ட் வேலை."

"அவவை ஒருத்தரும் விசாரிக்கேல்லையோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப சரி. பொனற்றை ஊண்டித் தேய்க்காதையுங்கோ, கறுப்புக் கழண்டு வருது," என்றார்.

என் கையிலிருந்த துணியைப் பார்த்தேன். முழுக்கக் கறுப்பு. இலைக் கறையைப் போக்கத் தேய்த்த இடத்தில் அடிப்பூச்சின் செம்மண் நிறம் தெரியத் தொடங்கியிருந்தது. கறை அப்படியே இருந்தது.

மூன்று நாள் தேய்த்தோம். மங்கல் பெரும்பாலும் போயிற்று. இலைகளும் எச்சக் குழிகளும் போகவில்லை. அவர் போதும் என்றார். அதற்குப் பிறகு அந்தக் காருக்கு மெழுகு பூசியதை நான் காணவில்லை. கழுவுவதையும் விட்டுவிட்டார். மடங்காத விரல்களை ஸ்ரியரிங்கில் சாய்த்து வைத்துக்கொண்டு சந்தைச் சாமான், சீமெந்து, நோயாளிகள் என்று கிடைத்த ஹயர் ஓடினார். எங்கே போனாலும் அந்த ஊர்ச் சேறு அப்படியே காரில் காய்ந்து கிடக்கும். குணேஸ்வரியக்கா ஒருநாள் வாளியை எடுத்தபோது, "வேண்டாம். எங்க போய் வந்தனான் எண்டு பாக்கிறவன் பாக்கட்டும்," என்றாராம். கலியாண வீட்டார் ஒருவரும் பிறகு வந்து கேட்கவில்லை.

எண்பத்தெட்டுக் கார்த்திகையில் நெஞ்சுச் சளி என்று படுத்தார். தெற்கே சிறையில் சீமெந்து நிலத்தில் கிடந்தபோது பிடித்த இருமல் ஒருபோதும் முழுதாய் மாறவில்லை. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். ஏழாம் நாள் விடிய முடிந்துவிட்டது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

காரைப் பிறகு, கிண்ணியாவில் பழைய கார்களைக் கழற்றி விற்கும் முனாப் வந்து வாங்கிப் போனார். எஞ்சினுக்காக மட்டும்தான் எடுக்கிறேன் என்று அக்காவுக்கு நேரே சொன்னார்.

அண்ணை செத்த எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு நானும் போயிருந்தேன். விறாந்தையில் ஆண்கள் பாயில் இருந்தோம். குணேஸ்வரியக்கா தேத்தண்ணித் தட்டத்தோடு வந்து, எல்லாருக்கும் கொடுத்ததுபோலவே எனக்கும் ஒரு கப் தந்தா. "இனிப்புக் காணுமோ?" என்று மற்றவர்களைக் கேட்டுக்கொண்டு போனா. என்னிடம் கேட்கவில்லை. நான் அதைக் குடித்து முடித்து, கப்பைக் குசினி வாசலில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.