மூலத்தை விட்டு நகராத சந்திரன்

தண்டாயுதபாணி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். படிப்பு பதினோராம் வகுப்போடு நின்றாலும் லாகரிதம் மட்டும் அவரை விடவில்லை. பெரிய பெருக்கலைச் சின்னக் கூட்டலாக்கிவிடும் அந்த அட்டவணைமேல் அப்படி ஒரு மயக்கம். கோயம்புத்தூரில் ஒரு பழைய புத்தகக் கடையில், பல வருடங்களுக்கு அன்றாடம் கிரகங்கள் நிற்கும் பாகைகளை அச்சடித்த சீமைப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதன் கடைசிப் பக்கத்திலும் லாகரிதம்! ஜாதகப் பித்து பிடித்தது அன்றுதான். சந்திரன் ஒரு நாளில் நகரும் தூரத்துக்கு ஒரு எண், பிறந்த நேரத்துக்கு ஒரு எண். இரண்டையும் கூட்டி அட்டவணையில் திருப்பிப் பார்த்தால், குழந்தை பிறந்தபோது சந்திரன் எங்கே நின்றது என்று தெரிந்துவிடும். கம்பெனியில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் அவரிடம்தான் ஓடி வருவார்கள்.

அறுபத்திரண்டாம் வருடம், அங்கே பனியனில் நூல்பிசிறு வெட்டும் ரங்காத்தாளின் அம்மா வேலாத்தாள் வந்தார்.

"ஏனுங்க மாஸ்டர், எம்புள்ளைக்கு மூல நட்சத்திரம்னு பஞ்சாங்கத்துல இருக்குதுங்க. மாமனாருக்கு ஆகாதுன்னு வர்ற எடமெல்லாம் தட்டிப் போகுதுங்க. உங்க கணக்குல பார்த்துச் சொல்லுங்க."

"பொறந்த நேரம் தெரியுமுங்களா?"

"ஜின்னிங் பேக்டரில காலைச் சங்கு ஊதறப்பத்தானுங்க பொறந்தா."

சங்கு ஆறு மணிக்கு. மூலம் முடிந்து பூராடம் பிறக்கும் எல்லையில்தான் சந்திரன் இருந்தது. சரியாகக் கணக்கிட்டால் எல்லையைத் தாண்டியிருக்கலாம். தாண்டவேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது. ரங்காத்தாளை அவருக்கு வெகுநாளாகப் பிடிக்கும், யாரிடமும் சொன்னதில்லை.

கூட்டிப் பார்த்தார். தாண்டவில்லை. ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத தூரம் பாக்கி. பிறந்த நேரத்தை ஆறே முக்கால் என்று மாற்றிப் போட்டார், பூராடம் வந்தது. அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிழித்துப்போட்டார்.

வீட்டுக்குப் போனார். அப்பா அர்த்தநாரி தறியில் இருந்தார்.

"அப்பா, எங்க கம்பெனில ஒரு புள்ள இருக்குதுங்க. கணக்குப் போட்டும் மூலம் மாறலீங்க."

"அதை எதுக்கு எங்கிட்டச் சொல்றே?"

"ஆகாதுன்னா உங்களுக்குத்தானுங்களே ஆகாது. அதான் கேக்கறேன்."

அர்த்தநாரிக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் தறியை நிறுத்திவிட்டு, புரையேறும்வரை சிரித்தார்.

"ஏங்கண்ணு, கண்ணாலப் பேச்சுக்கு இன்னிக்குத்தான் நீ வாயத் தொறந்திருக்கறே. சந்திரனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். வா, பொண்ணு கேட்டுட்டு வந்தரலாம்."

சிவன்மலையில் கல்யாணம் நடந்தது. மலை இறங்கும்போது ரங்காத்தாள் மெதுவாகக் கேட்டாள்.

"எங்கம்மா கேட்டப்ப, நேரத்தைக் கொஞ்சம் மாத்திப் போட்டுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அர்த்தநாரி ஊத்துக்குளி வெண்ணெயும் மருமகள் கைப் பலகாரமுமாக எழுபதைத் தாண்டித் தெம்பாக இருந்தார். வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம், "எம்மருமவ மூலமுங்க" என்று வலியச் சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரங்காத்தாள் வெங்காயம் உரித்தபடியே அட்டவணையைப் பார்த்து எண்களை உரக்க வாசிப்பாள், மாஸ்டர் கூட்டுவார். அவளுக்கு வரிசை தவறாது. அவருக்குத்தான் அவள் முகத்தைப் பார்த்துக் கூட்டல் தவறும்.