சிராங்கூன் சாலை மாடியில் ஆடிய ஊசல்

அன்பான சபையாரே, அந்த மழைக்காலத்தில் நான் மனம் ஒடிந்து போயிருந்தேன். சிராங்கூன் சாலையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியிருந்த புதிது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கணக்கர் வேலைக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அக்கா வீட்டு மாடியறையில் தங்கியிருந்தேன். ஆசையெல்லாம் பௌதிக சாஸ்திரத்தின் மேல். சொல்லித்தர ஆளில்லை, ஆய்வுக்கூடமும் இல்லை. சீமையில் அச்சான பழைய புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு நானே படித்தேன்.

படிக்க இடம் கேட்டு எழுதியிருந்தேன்; சென்னைக் கல்லூரிப் பேராசிரியர் ஒரு நிபந்தனை விதித்திருந்தார். நானாகவே ஒரு பரிசோதனை செய்து, அதன் விடையோடு நேரில் வர வேண்டும். அவருக்குத் திருப்தியானால் இடம். இல்லாவிட்டால் ஆயுள் முழுக்கக் கணக்கர்தான்.

உத்தரத்தில் நூல் கட்டி ஈயக்குண்டைத் தொங்கவிட்டேன். அது ஆடும் வேகத்தைக் கொண்டு, பூமி எவ்வளவு வலிமையாக இழுக்கிறது என்று கணக்கிட வேண்டும். விடை எப்போதும் புத்தகத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைந்தே வந்தது. டிராமின் அதிர்வோ என்று நினைத்து, முதல் டிராம் வருமுன் விடியற்காலையில் செய்தேன். அப்போதும் குறைவு. நூலை மாற்றினேன், வேறொரு பைக்கடிகாரம் இரவல் வாங்கிப் பார்த்தேன். குறைவுதான். சீமைப் புத்தகம் பிழையாகாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே பிழை என்னுடையது.

அத்தான் என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் சொன்னார்: "புத்தகத்தில இருக்கிறதையே எழுதிக்கொண்டு போவன். மெட்ராஸில ஆர் உன்ர நூலை அளக்கப் போறாங்கள்?"

எனக்கும் கை அரித்தது. ஆனால் பொய்யோடு கப்பலேற மனம் வரவில்லை. முழங்காலில் நின்று அழுதேன். "ஆண்டவரே, என் பிழையைக் காட்டும். இல்லாவிட்டால் இந்த ஆசையை எடுத்துப்போடும்."

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், போதகரின் மனைவி ஆலயத்துச் சுவர்க்கடிகாரத்தைத் திறந்து வைத்துப் புலம்பிக்கொண்டிருந்தார். சீமையிலிருந்து அன்பளிப்பாக வந்த கடிகாரம் அது. எப்போதும் பிந்தியே ஓடும். ஆராதனைக்குப் பிந்தி வருகிறவர்களுக்கு நல்ல சாக்கு.

"தம்பி, சீமையில இது பிந்தினதே இல்லையாம். இஞ்ச வந்த நாள் முதல் பிந்துது. குண்டைக் கொஞ்சம் மேல ஏத்தினால்தான் சரியா ஓடும்."

திறந்திருந்த கடிகாரத்தை எட்டிப் பார்த்தேன். கடிகாரத்துக்குள் ஆடுவதும் ஊசல்தானே, அதுவும் இங்கே வந்து மெதுவாக ஆடுகிறதே. பூமி நடுக்கோட்டருகே சற்றுப் புடைத்திருக்கிறது, வேகமாகவும் சுழல்கிறது. அங்கே இழுப்புக் குறைவு. எல்லாம் நான் படித்ததுதான். புத்தகத்து எண் லண்டனுக்கு உரியது, நான் இருந்ததோ நடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில். அங்கேயே ஆலயத்து மர வாங்கில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். போதகரம்மா பயந்துபோய்த் தேநீர் கொண்டுவந்தார்.

சென்னையில் பேராசிரியர் என் விடையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "வெப்பத்தில் நூல் நீண்டிருக்கும்" என்றார்.

"ஒவ்வொரு தடவையும் அளந்தேன், ஐயா. சிங்கப்பூரில் பூமி இவ்வளவுதான் இழுக்கிறது."

என் தாளை இன்னொரு முறை பார்த்தார். "எல்லாரும் புத்தகத்து எண்ணைத்தான் கொண்டுவருகிறார்கள்" என்று சொல்லி, என்னைச் சேர்த்துக்கொண்டார்.

இன்று நானே பௌதிகம் கற்பிக்கிறேன். மழை பெய்தால் அந்த மாடியறை நினைவுக்கு வரும். கீழே மாட்டுக்கொட்டில் வாசம், தூரத்தில் டிராமின் மணி, தலைக்குமேல் ஆடும் அந்த ஈயக்குண்டு. எவ்வளவு அழுதேன், எவ்வளவு நல்ல காலம் அது.

உங்கள் வாழ்க்கையின் விடையும் மற்றவர்களுடையதோடு சேராமல் நிற்கலாம். திருத்தி எழுத அவசரப்படாதீர்கள், ஆண்டவரிடம் கேளுங்கள். நான் என் பிழையைக் காட்டும் என்று கேட்டேன். பிழையே இல்லை என்று காட்டினார். அவருக்கே ஸ்தோத்திரம்.