தேய்க்காமல் விட்ட முகம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. படிப்பவர்கள் மனதுக்குள் திருத்திக்கொண்டு படிக்க வேண்டும்.

ஓசூரில் படம் வரைகிறவர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுகூடுவார்கள். ஒருமுறை நானும் போனேன். ஒரு படத்தை எப்படி ஆரம்பித்து எப்படி முடிப்பீர்கள் என்று என்னைக் கேட்டார்கள். நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "சும்மா வரைவேங்க" என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு சின்னக் கம்பெனியில் நான் ஸ்ப்ரே பெயிண்டர். இயந்திரங்களின் மூடி, கதவு, ஸ்விட்ச் பெட்டி எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடிக்கிற வேலை. தகட்டில் பள்ளம் இருந்தால் பட்டி வைத்து நிரப்புவோம். காய்ந்ததும் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்துத் தேய்ப்போம். பிறகு பிரைமர் என்கிற அடிப்பூச்சு. மறுபடியும் தேய்ப்பு. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் தேய்த்தால்தான் அடுத்த பூச்சு பிடிக்கும். கடைசியில் விரலால் தடவிப் பார்த்தால் எங்கேயும் தட்டக் கூடாது. ஒரு இடத்தில் பெயிண்ட் ஒழுகியிருந்தாலும் பொருள் திரும்பி வந்துவிடும். மனிதக் கை பட்டதே தெரியக் கூடாது, அதுதான் எங்களுக்கு நல்ல வேலை. ஊரை விட்டு வந்த நாளிலிருந்து என் கை இதற்குத்தான் பழகியிருக்கிறது.

நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஷீட் போட்ட ஒரு அறை இருக்கிறது. அதில் பாதி வீட்டுக்காரம்மாவுக்கு. அவர்களுக்குப் பேரிகை என்கிற ஊர்ப் பக்கம் நிலம் உண்டு. கடலக்காய் மூட்டை, ராகி மூட்டை, கால் உடைந்த கட்டில் எல்லாம் அங்கே கிடக்கும். மீதிப் பாதியில் நான் படம் வரைகிறேன். கம்பெனிக்கு வரும் இயந்திரங்களைப் பிரித்த பிறகு பெட்டிப் பலகை மிஞ்சும். கேட்டு வாங்கி வந்து அதன்மேல்தான் வரைவேன். வண்ணம் ஹார்டுவேர் கடை எனாமல். வண்ணம் கலக்கிற தட்டு, உடைந்த டைல்ஸ்.

விடிந்ததும் மேலே போவேன். முந்தின நாள் வரைந்த பலகை சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும். உடனே திருப்ப மாட்டேன். முதலில் கதவைத் திறந்து வைப்பேன், பிரஷ்களைத் தின்னரில் அலசுவேன், டைல்ஸைத் துடைப்பேன். அதற்குள் வெளிச்சம் உள்ளே வந்துவிடும். அதன்பிறகுதான் பலகையைத் திருப்புவேன். தூக்கம் கலைந்த கண்ணுக்கு அப்போதுதான் குறை தெரியும். தெரிந்த உடனே வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்துவிடுவேன். முந்தின நாள் முகம் பால்போல் கரைந்து வாளியில் வழியும். மங்கலாக மிச்சமிருக்கிற முகத்தின்மேல் புதிதாக ஆரம்பிப்பேன். இது என் தினப்படி வேலை.

போன வருஷத்திலிருந்து இந்தப் புரட்டாசிவரை நான் வரைந்தது ஒரே படம். என் மனைவியின் முகம்.

அவள் ரோஜாத் தோட்டத்தில் வேலை பார்க்கிறாள். பிளாஸ்டிக் கூரைக்குள் பூ வெட்டுகிற வேலை. காலையில் தோட்டத்து வேன் வரும். அது வருவதற்கு முன்னால், ஒரு டீ குடிக்கிற நேரம், மேலே வந்து எனக்காக உட்காருவாள். டீ டம்ளரோடுதான் வருவாள். டம்ளர் காலியானால் எழுந்துவிடுவாள்.

அவளுடைய நிறம் எளிதில் கிடைக்கவில்லை. கடைசியில் ரெட் ஆக்ஸைடில் கொஞ்சம் மஞ்சளும், துளி நீலமும் கலந்தபோது வந்தது.

"இது கேட் கம்பிக்கு அடிக்கிறதுல்ல?" என்றாள்.

"ஆமா. துருப்பிடிக்காது."

"நல்லது. கல்யாணம் ஆன அன்னைக்கே அடிச்சிருக்கலாம்."

இப்படித்தான் பேசுவாள். நான் கலந்துகொண்டே இருப்பேன்.

வீட்டுக்காரம்மா வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூட்டை எடுக்க வரும்போதெல்லாம் படத்தை எட்டிப் பார்த்து, "ஆயித்தாப்பா?" என்பார்கள். முடிந்ததா என்று அர்த்தம். இன்னும் இல்லை என்பேன். ஒருநாள் நன்றாகத் தேய்த்து வழவழவென்று வந்திருந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார்கள்.

"யாருப்பா இது? லட்சுமி சாமியா?"

"இல்லைங்கம்மா. அவதான்."

"யாரு, உன் பொண்டாட்டியா? ஜவுளிக் கடையில சேலை கட்டி நிக்கவெச்ச பொம்மை மாதிரி இருக்குதேப்பா."

அது எனக்குப் பாராட்டாகத்தான் பட்டது. வழவழப்பாக வந்திருக்கிறது என்றுதானே சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவிக்கு இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. ஒருமுறை பெருங்காற்றில் தோட்டத்துக் கூரைக் கம்பி அறுந்து அடித்தது. படத்தில் அது இல்லை. தகட்டில் பள்ளத்தைப் பார்த்தால் பட்டி வைக்கிற கை இது. அந்த இடம் வரும்போதெல்லாம் தானாகவே நிரப்பித் தேய்த்துவிட்டது. யோசித்துச் செய்ததுகூட இல்லை.

புரட்டாசியில் ஒருநாள் டீ குடித்துக்கொண்டே எழுந்து வந்து படத்தைப் பார்த்தாள். வழக்கமாக அவள் பார்ப்பதில்லை.

"என் தழும்பு எங்க?"

நான் பிரஷைத் தின்னரில் அலசினேன்.

"இதுக்கு எத்தனை தையல் போட்டாங்கன்னு ஞாபகம் இருக்கா? மறுநாளே வேலைக்குப் போனேன். அதை எங்க கொண்டுபோய் வெச்சீங்க?"

"நல்லா இருக்கட்டும்னுதான்."

"இது நல்லா இருக்குது. நான் இல்லை." காலி டம்ளரை, நான் பேப்பர் நனைக்கிற வாளியில் போட்டாள். "தினம் வந்து உக்காருறேன். மறுநாள் வந்தா மூஞ்சி இல்லை. தீபாவளி முடிஞ்சா பூவுக்கு சீசன். வேன் இருட்டுலயே வந்திடும், உங்களுக்கு வெளிச்சமும் இருக்காது, எனக்கு நேரமும் இருக்காது. இன்னும் ஒரு தடவை உக்காருறேன். அதையும் தேய்ச்சீங்கன்னா அப்புறம் மேல வர மாட்டேன். சொல்லிட்டேன்."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் வேலையும் இல்லாமல், சமையலும் இல்லாமல், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது அந்த டீ நேரத்தில்தான். படம் போனால் வேறு படம் வரைந்துகொள்ளலாம். அந்த நேரம் போய்விட்டால் அதை நான் எப்படிக் கேட்டு வாங்குவேன்? அப்படிக் கேட்கிற வாய் எனக்கு இல்லை.

அந்தக் கடைசித் தடவை ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்தது. வந்து உட்கார்ந்தாள். வேன் அன்றைக்குத் தாமதம். டீ தீர்ந்த பிறகும் எழுந்திருக்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேகமாக வரைந்தேன். தழும்பை ஒரே இழுப்பில் வைத்தேன். பிரஷில் பெயிண்ட் அதிகமாகிவிட்டது. தடித்து நின்றது. வேன் ஹாரன் கேட்டு அவள் இறங்கிப் போன பிறகு பார்க்கிறேன், தழும்பின் முனையிலிருந்து பெயிண்ட் புருவத்தின்மேல் ஒழுகியிருந்தது. கன்னத்தில் பிரஷ் போன தடம் வரிவரியாகத் தெரிந்தது. கம்பெனியாக இருந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டியிருப்பார்கள்.

ஒழுகலை மட்டும் லேசாகத் தேய்த்துக்கொள்ளலாம், தழும்பைத் தொட வேண்டாம் என்று சமாதானம் செய்துகொண்டேன். லேசாக என்று ஆரம்பித்தால் முகம் முழுக்கப் போகும் என்பதும் தெரியும். காயட்டும் என்று பலகையைத் திருப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று சாயங்காலம் கம்பெனியில் பூஜை. ஸ்ப்ரே கன்னைக் கழுவி, பொட்டு வைத்து, பொரி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் விடுமுறை. விடிந்ததும் மேலே போனேன். பலகையைத் திருப்பினேன். ஒழுகல் அப்படியே காய்ந்து நின்றது. கையை நீட்டினால் பெஞ்சின்மேல் வாட்டர் பேப்பர் இல்லை. பிரஷ் இல்லை, கத்தி இல்லை. வாளிகூட இல்லை. டைல்ஸ் இருந்த இடம் துடைத்துக் கிடந்தது.

கீழே வந்தேன். சாமி அலமாரிக்கு முன்னால் வாழை இலை. அதில் வருஷா வருஷம் அவள் வைப்பது பூ வெட்டும் கத்தரியும் அரிவாள்மனையும்தான். வாசலில் நிற்கிற என் வண்டிக்கு அங்கேயே பொட்டு வைத்துவிடுவாள். இந்த வருஷம் கத்தரிக்குப் பக்கத்தில் என் பிரஷ்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கட்டையிலும் சந்தனம், குங்குமம். எனாமல் டப்பா மூடிகள்மேல் பொட்டு. வாட்டர் பேப்பரை அடுக்கி, பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு எலுமிச்சம்பழம். சூடம் காட்டி முடித்துவிட்டாள்.

"அந்தப் பேப்பர்ல ஒண்ணு வேணுமே" என்றேன்.

"பூஜை போட்டாச்சு. நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்."

"இதெல்லாம் எதுக்கு வெச்ச?"

"ஆயுதம்தானே? நீங்க தினம் மேல போயி செய்யறது வேலை இல்லையா?" சுண்டலைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

என் படத்தை யாரும் வேலை என்று சொன்னதில்லை. நானே சொல்லிக்கொண்டதில்லை. தேய்க்கவிடாமல் வைப்பதற்காக வேண்டுமென்றே செய்தாளா, அது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. பொரியும் சுண்டலும் தின்றுவிட்டுத் திரும்ப மேலே போனேன்.

கையில் ஒன்றும் இல்லாமல் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முதலில் கை அரித்தது. நகத்தால் அந்த ஒழுகலைச் சுரண்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நகமும் ஆயுதம்தானே என்று இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். காலை வெளிச்சத்தில் குறையாகவே தெரிந்தது. வெயில் ஏறி ஷீட் சூடானதும் வெளியே போய்த் தொட்டி நிழலில் நின்றேன். அங்கிருந்து கதவு வழியாகப் பார்த்தபோது கன்னத்து வரிகள் தனித்தனியாகத் தெரியவில்லை. ரோஜாத் தோட்டத்துப் புழுக்கத்தில் வேர்த்துத் துடைத்த கன்னம் போல இருந்தது. ஒழுகல் தழும்பை இழுத்துப் புருவத்தோடு சேர்த்திருந்தது. அதனால் அந்தப் புருவம் சற்றுத் தூக்கி நின்றது. வேன் வரவில்லையே என்று தெருவைப் பார்க்கும்போது அவள் புருவம் அப்படித்தான் தூக்கும். நான் அதை வரைய நினைக்கவே இல்லை. கை செய்துவிட்டிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் வீட்டுக்காரம்மா காயப்போட்ட கடலக்காயை அள்ள வந்தார்கள். உள்ளே மூட்டையை வைத்துவிட்டுத் திரும்பியவர்கள் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்கள்.

"ஏம்ப்பா, அவ ஏன் இப்பிடி முறைக்கிறா? ஏதாச்சும் சண்டையா?"

"இல்லைங்கம்மா. வேனைப் பாக்குறா."

"ஓ, வேனா. நான் வாடகை கேட்டா இந்தப் பார்வைதான் பாக்கறா."

மூட்டைக் கயிற்றைக் கட்டிக்கொண்டே இன்னொரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். இந்தத் தடவை யார் என்று கேட்கவில்லை.

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகி, முகம் மங்கும் வரை. ஒழுகல் குறையாகத் தெரிவதும் தெரியாமல் போவதுமாக இருந்தது. ஒன்று மட்டும் எனக்குப் புரிந்தது. கம்பெனியில் இயந்திர மூடிக்கு நான் வைக்கிற அளவுகோலையே முகத்துக்கும் வைத்திருந்தேன். மூடி எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். முகம் அப்படி இருந்தால் வீட்டுக்காரம்மா லட்சுமியா என்றுதான் கேட்பார்கள்.

விஜயதசமி காலையில் எடுத்த ஆயுதத்தைக் கொண்டு ஏதாவது கொஞ்சம் வேலை செய்ய வேண்டும் என்பது வழக்கம். அவள் வாழை இலையோடு எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்து பெஞ்சில் வைத்தாள். பிறகு படத்தின் முன்னால் போய் நின்றாள். தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"கோவமா இருக்கேன்ல?"

"ஆமா."

"வயசும் தெரியுது."

"ஆமா."

"எல்லாத்துக்கும் ஆமாவா?" என்றாள். கொஞ்சம் சிரித்தாள். "சரி, இருக்கட்டும். இதைத் தொடாதீங்க."

நான் வாட்டர் பேப்பரை எடுத்தேன். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். மூலையில் வைத்திருந்த புதுப் பலகை ஒன்றை இழுத்து, மடியில் வைத்து, சிலாம்பு போகத் தேய்க்க ஆரம்பித்தேன். வெறும் மரத்துக்குத் தேய்ப்பு வேண்டும். அது இல்லாமல் எதுவும் பிடிக்காது.

அவள் போகவில்லை. ராகி மூட்டையின்மேல் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். விரல் முழுக்க முள் கிழித்த கோடுகள்.

"வேன் வர இன்னும் நேரம் இருக்குது" என்றாள். "இந்தத் தடவை கையை வரையுங்க. மூஞ்சியைத் தூக்கிட்டு உக்காந்தா கழுத்து வலிக்குது."

பென்சிலைத் தேடி எடுத்தேன்.

இப்போது பூ சீசன். இருட்டிலேயே போய்விடுகிறாள். வார விடுமுறை நாளில் மட்டும் மேலே வருகிறாள். கைப் படம் பாதியில் நிற்கிறது. இடது கட்டைவிரல் இன்னும் சரியாக வரவில்லை. தேய்க்காமல் அதன்மேலேயே வரைந்துகொண்டிருக்கிறேன்.

மூக்கண்டப்பள்ளி,
கார்த்திகை மாதம், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை.