செயல்பாட்டு அறையில் ஒரு ஞாயிறு

சிங்கப்பூரின் வடக்கே, ஈசூனில் எங்கள் குடியிருப்பு அலுவலகத்தின் மேல்மாடியில், பழைய கோப்புகள் அடைந்து கிடந்த ஓர் அறையைக் காலி செய்து, அவசரகாலச் செயல்பாட்டு அறையாக மாற்றச் சொன்னார்கள். அப்போது என் மகளுக்கு ஒரு வயதும் இரண்டு மாதமும். தீ விபத்தோ தண்ணீர்த் தடையோ, குடியிருப்புப் பேட்டையில் எது நடந்தாலும் செய்தி அந்த அறைக்கு வர வேண்டும். எங்கே யாரை அனுப்புவது என்று அதிகாரி முடிவு செய்வார். செய்தியை வாங்கிப் பதிவேட்டில் எழுதுவது நான்.

முதல் வேலையே ஒரு படிவம்தான். கூப்பிட்டவுடன் ஓடி வரக்கூடிய ஊழியர்கள் முதல் பட்டியல், கைக்குழந்தை உள்ளவர்கள் இரண்டாம் பட்டியல். 'உடன் வசிக்கும் குழந்தைகள் எத்தனை' என்ற கட்டத்தின் முன் பேனாவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் மகள் வாரம் முழுவதும் லிட்டில் இந்தியாவில், பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஓர் ஆன்ட்டியின் வீட்டில் இருந்தாள். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து பஸ் ஏறிப்போய் அழைத்து வருவோம். ஞாயிறு மாலை திரும்பக் கொண்டுபோய் விடுவோம். அப்போது வேலைக்குப் போகிற தாய்மார் பலர் அப்படித்தான் செய்தோம். உண்மையை எழுத வேண்டும் என்று நினைத்து, பூஜ்யம் போட்டேன். என் பெயர் முதல் பட்டியலில் வந்தது.

தொலைபேசி இணைப்புப் போட வந்த அண்ணன் மார்சிலிங்கில் இருந்தார். மூன்று பிள்ளைகளின் தகப்பன். அவரிடம் சொன்னபோது ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

"பெத்த பிள்ளைய இல்லன்னு எழுதுவியா நீ?"

"இல்லன்னு எழுதல அண்ணே. கூட இல்லன்னுதான் எழுதினேன்."

"ஏம்மா, நானா இருந்தா மூணுக்கு அஞ்சுன்னு போட்டிருப்பேன் லா. இவ்வளவு படிச்சும் இது தெரியலையே!"

சிரித்துவிட்டு வயரைச் சுவரோரம் அடிக்கப் போய்விட்டார். நான் அன்று முழுவதும் அந்தப் பூஜ்யத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். திருத்தித் தரலாமா? திருத்தினால் முதலில் ஏன் தவறாக எழுதினாய் என்று கேட்பார்களா?

சுவரில் பேட்டையின் பெரிய வரைபடத்தை ஒட்டினோம். ஒவ்வொரு அடுக்குமாடி புளோக்குக்கும் ஒரு குண்டூசி, தண்ணீர் கொடுக்கும் இடத்துக்கு நீலம், முதலுதவிக்குச் சிவப்பு. வரைபடம் ஈசூனோடு முடிந்துவிட்டது. ஒருநாள் மதிய இடைவேளையில் அளவுகோலையும் சாலை வழிகாட்டிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, இதே அளவில் தெற்கே நீட்டிக்கொண்டு போனால் ஆன்ட்டியின் வீடு எங்கே வரும் என்று கணக்குப் போட்டேன். தரையைத் தாண்டி, இதே சுவரில், கீழ்த்தளத்தில் வந்தது. அங்கே மக்கள் காத்திருக்கும் பச்சை பெஞ்சு ஒன்று கிடந்தது. அதன்பின் சாப்பாட்டு டப்பாவை அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் திறந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அறை தயாரானதும் ஒத்திகைக்கு நாள் குறித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. மக்கள் வீட்டில் இருக்கும் நாள் அதுதானே.

ஞாயிறு எனக்கு என்ன என்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை மதியம் போய் நின்றால் மகள் ஆன்ட்டியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னலையே பார்ப்பாள். இரவு என் கணவரிடம் பால் குடிப்பாள், என்னிடம் குடிக்கமாட்டாள். ஞாயிறு காலை மெல்ல என் புடவையைப் பிடிப்பாள். மதியத்துக்கு மேல்தான், நான் எழுந்து நகர்ந்தால் அழுவாள். அந்த மூன்று நான்கு மணி நேரம்தான் நான் அவளுக்கு அம்மா. மாலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் அடுத்த சனிக்கிழமை மறுபடியும் விருந்தாளி.

அந்த வாரம் அவளை அங்கேயே விடலாமா என்று ஆன்ட்டியிடம் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போகணும்மா. அதோட, வாரத்துல ஒருநாளாவது பெத்தவ மூஞ்சியப் பார்க்கட்டும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பஸ் நிறுத்தம் வரை அது காதில் இருந்தது.

ஒத்திகையன்று எட்டு மணிக்கு ஆரஞ்சு நிறக் கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். குழாயில் தண்ணீர் நின்றுவிட்டதாகப் பாவனை. மக்கள் வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். எங்கள் வீடும் அதே பேட்டையில்தான். ஒவ்வொரு செய்தியும் 'பயிற்சி, பயிற்சி' என்று தொடங்க வேண்டும். அப்படித் தொடங்காத செய்தி நிஜம் என்று அர்த்தம்.

பயிற்சி, பயிற்சி, தண்ணீர் லாரி வந்துவிட்டது. பயிற்சி, பயிற்சி, முதியவர் ஒருவர் மயக்கம். பயிற்சி, பயிற்சி, வாளி போதவில்லை. நேரம், செய்தி, எடுத்த நடவடிக்கை என்று மூன்று கட்டங்களிலும் எழுதிக்கொண்டே போனேன்.

பத்து மணி வாக்கில் தண்ணீர் கொடுக்கும் இடத்திலிருந்து தொண்டூழியர் ஒருவர் கூப்பிட்டார்.

"அம்மா, இது பயிற்சி இல்ல. நெசம். ஒருத்தர் வாளியும் கையுமா நிக்கிறாரு, தோள்ல பொம்பளப் பிள்ளை, அழுகை நிக்கவே மாட்டேங்குது. சம்சாரம் மேல ஆபீஸ்ல டியூட்டியாம். என்ன செய்யறது?"

நேரத்தை எழுதினேன். செய்தியை எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது. அதிகாரி சீனர், குரல் உயர்த்திப் பேசாதவர். பின்னாலிருந்து எட்டிப் படித்துவிட்டு யாருடைய குழந்தை என்று ஆங்கிலத்தில் கேட்டார். என்னுடையது என்றேன். சுவரில் தொங்கிய முதல் பட்டியலை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "டென் மினிட்ஸ்," என்று சொல்லிவிட்டு என் நாற்காலியில் அவரே உட்கார்ந்தார்.

கணவர் அதற்குள் எங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்துக்கே வந்துவிட்டிருந்தார்.

"காலையிலேருந்து பாட்டிலத் தொடல. நீ போனதுலேருந்து கதவையே பார்த்துட்டிருந்தா."

"என்னையா தேடினா?"

"யாருக்குத் தெரியும்? கதவப் பார்த்தா."

கை நீட்டினேன். வந்தாள், ஆனால் விறைத்துக்கொண்டு, என் தோளுக்கு மேல் யாரையோ பார்த்து அழுதாள். பச்சை பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆன்ட்டி தட்டுகிற மாதிரி முதுகில் தட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் என் கைப்பட்டையைக் கண்டாள். அதன் நாடாவைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். அழுகை விக்கலானது, விக்கல் மூச்சானது. தூங்கிவிட்டாள். ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. நாடாவை அவள் விரலிலிருந்து பிரித்தெடுத்து, அவளைக் கணவரிடம் கொடுத்துவிட்டு மேலே போனேன்.

நான்கு மணிக்கு ஒத்திகை முடிந்தது. ஐந்து மணி பஸ்ஸில் அவளைக் கொண்டுபோனோம். ஆன்ட்டியிடம் தாவிப் போனாள்.

திங்களன்று அதிகாரி பதிவேட்டைத் திருப்பி வைத்தார். ஒரு கட்டம் காலியாக இருந்தது. அறிக்கை போக வேண்டும், எழுது என்றார். 'தாய் வந்தார்' என்று எழுதினேன். கொஞ்சம் யோசித்து, 'பத்து நிமிடம்' என்றும் சேர்த்தேன்.

அவர் என் பழைய படிவத்தையும் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பூஜ்யத்தைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு அது உண்மையில்லை. அதன்பின் ஏழு மாதம் கழித்து, எங்கள் புளோக்கின் கீழேயே பிள்ளைகள் காப்பகம் திறந்தபோதுதான் அவளை வீட்டோடு அழைத்து வந்தோம். அந்த ஏழு மாதமும் யாராவது வந்து சரிபார்ப்பார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன். யாரும் வரவில்லை.