பூட்டிய வீட்டுப் பசி

என் மனைவிக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை கிடைத்தபோது எல்லோரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டவன் நான். மகள் ஏற்கெனவே சென்னையில் ஹாஸ்டலில் இருந்தாள். இனி ஸ்ரீரங்கத்து வீட்டில் தனி ராஜாங்கம்தான் என்று நினைத்தேன்.

அந்த ராஜாங்கம் வெங்காய பக்கோடாவில் தொடங்கியது. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையை விட்டுக் கிளம்பும்போது சுடச்சுட ஒரு பொட்டலம் வாங்குவேன்.

"வீட்டுக்காண்ணே?" என்பார் கடைக்காரர்.

"ஆமாங்க, பிள்ளைங்க கேட்டாங்க" என்பேன்.

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் பொட்டலம் காலி. வீட்டுக்கு வந்ததும் மிக்சர், பிறகு ரொட்டி, அதற்கும் பிறகு காலையில் வடித்த சோறு. எல்லாமே நின்றுகொண்டேதான். வயிறு போதும் என்று சொன்ன பிறகும் கை நிற்காது. நெஞ்சு அடைக்கும் வரை தின்றுவிட்டு, என் மேலேயே எரிச்சலோடு படுப்பேன். ஒருமுறை வைராக்கியமாக எல்லா நொறுக்குத் தீனியையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் பச்சை சத்துமாவில் சர்க்கரையைப் போட்டு ஸ்பூனால் அள்ளித் தின்றுகொண்டிருந்தேன். இருமல் வந்து சமையலறை முழுக்க மாவு.

ரம்ஜான் மாதத்தில் எங்கள் கடைக்கு அடுத்த செருப்புக்கடை பாய், பாலக்கரையில் உள்ள தன் வீட்டுக்கு நோன்பு திறக்கக் கூப்பிட்டார். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், கஞ்சி, வடை, சமோசா, கடல்பாசி இனிப்பு என்று வரிசையாக வந்தது. இன்றைக்கு மானம் போகப்போகிறது என்று பயந்தேன்.

ஆனால் பாய்க்கும் அவர் தங்கைக்கும் கஞ்சியில் இஞ்சி அதிகமா இல்லையா என்று வழக்கு மூண்டது. என்னை நடுவராக்கினார்கள். நான் தீர்ப்பைச் சொல்லாமல், இருமலுக்கு வாங்கிய மருந்தைக் காலில் தேய்த்துக்கொண்டு வந்த ஒரு வாடிக்கையாளர் கதையைச் சொன்னேன். பாயின் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னண்ணே, சமோசாவை அப்படியே வச்சிட்டீங்க, புடிக்கலையா?" என்று பாய் கேட்டபோதுதான் தட்டைப் பார்த்தேன். பாதி சமோசா ஆறிக் கிடந்தது. சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பாட்டை மறந்திருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். உள்ளே இருட்டு, ஒரு சத்தமும் இல்லை. விளக்கைக்கூடப் போடவில்லை, கால்கள் நேராக மிக்சர் டப்பாவிடம் போய்விட்டன. மூடியில் கை வைத்தபடி நின்றேன். வயிறு நிறைந்துதான் இருந்தது. "வந்துட்டீங்களா" என்று கேட்க ஆள் இல்லாததைத்தான் இத்தனை நாளும் பசி என்று நினைத்திருக்கிறேன்.

டப்பாவைத் திறக்காமல் விட்டுவிட்டு மனைவியை வீடியோவில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், சத்துமாவு உட்பட. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நானும் அப்படித்தாங்க" என்றாள். "டியூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்தா, குபூஸ் ரொட்டியில ஜாமைத் தடவித் தடவி பாக்கெட்டையே முடிச்சிடறேன். இதுல பேஷண்டுக்கெல்லாம் அளவா சாப்பிடுங்கன்னு சொல்றது நான்தான்."

இருவரும் சிரிக்க ஆரம்பித்தோம். சிரிப்பு அடங்கும்போது இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர்.

அதிலிருந்து நான் வீட்டுக்குள் நுழையும்போதே போனில் அவள் இருப்பாள். போனைப் புளி டப்பாவில் சாய்த்து வைத்து, அவள் சொல்லச் சொல்லச் சமைத்தேன். தட்டைப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். அவளுக்கு டியூட்டி இருந்தால் பாய் கடையில் கொஞ்ச நேரம் அரட்டை. இப்போதும் சில நாட்கள் மிக்சர் என்னை ஜெயித்துவிடும். அப்போது என்னைத் திட்டிக்கொள்வதில்லை, இன்றைக்கு மனசுக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் பதில் கிடைக்கிறது.

போன மாதம் லீவில் வந்தாள். வெண்டைக்காய் வத்தக்குழம்பு வைத்து, அப்பளம் பொரித்து, அவளைச் சமையலறைக்குள்ளேயே விடாமல் பரிமாறினேன்.

"உப்பு கம்மி" என்றாள் முதல் வாயிலேயே. பிறகு சோறு கேட்டாள், குழம்பு கேட்டாள், மறுபடியும் சோறு கேட்டாள். நானும் இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன். அன்று எனக்கு நல்ல பசி.